கணக்கில் சேராத பத்து வீடுகள்

கதிர்,

நீ வாத்தியார் வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. கல்லூரி எப்படி, மெஸ் சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டு எழுத வேண்டிய கடிதம் இது. ஆனால் போனவுடனேயே நீ ஒன்று கேட்டாய்: "அம்மா, உன் பழைய நோட்டையெல்லாம் போட்டோ புடிச்சு அனுப்பு. ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு அதையே வெச்சு ஓட்டிடுவேன்." நானும் சரி என்றேன். இன்றுவரை அனுப்பவில்லை. கண் ஆபரேஷன் ஆன அலுப்பு என்று நீ நினைத்திருப்பாய். கண் நன்றாகவே தெரிகிறது. அனுப்பக் கூடாது என்றுதான் அனுப்பவில்லை. அந்த நோட்டில் தப்பு ஒன்றும் கிடையாது. சூத்திரங்கள் எல்லாம் சரி, விடைகளும் சரி. அதை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியம் உனக்குத் தெரியாது. நீயும் புள்ளியியல் சொல்லிக்கொடுக்க நிற்கப்போகிறாய் என்பதால் மட்டும் இதை எழுதவில்லை. போன வாரம் ஒன்று நடந்தது. அதை வேறு யாராவது வந்து உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

நான் இந்தப் பாடத்துக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்துகொண்டு, பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த உன் தாத்தாவின் சம்பளத்தில் படித்தவள். கணிதத்தில் இடம் கிடைக்கவில்லை, புள்ளியியலில் கிடைத்தது, சேர்ந்தேன். எனக்கு அதை நடத்தியவர் எப்படி நடத்தினாரோ அப்படியே நானும் நடத்தினேன். கரும்பலகையில் ஒரு அட்டவணை, பக்கத்தில் 'சராசரி காண்க'. பிள்ளைகள் கூட்டிப் பெருக்கி வகுத்துக் கீழே இரண்டு கோடு போடுவார்கள். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு பிள்ளையும் கேட்காது, நானும் சொல்ல மாட்டேன். 'ஐம்பது தொழிலாளர்களின் வயது' என்று இருக்கும். யார் அந்த ஐம்பது பேர், எவர் போய் அவர்களைக் கேட்டார், கேட்டபோது உண்மையைச் சொன்னார்களா, ஐம்பத்தோராவது ஆள் ஏன் பட்டியலில் இல்லை? முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளும் இதை நான் வகுப்பில் பேசியதில்லை. எண்கள் கேள்வித்தாளில் முளைக்கின்றன என்றே பிள்ளைகள் நம்பினார்கள். நான்தான் அப்படி நம்பவைத்தேன்.

எங்கள் பள்ளி வாசலில் 'பன்னிரண்டாம் வகுப்பில் நூறு சதவிகிதத் தேர்ச்சி' என்று ஒரு போர்டு இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாய். அந்த நூறு எப்படி வந்தது தெரியுமா? தேற மாட்டாது என்று தோன்றும் பிள்ளைகளைப் பதினோராம் வகுப்பு முடிவிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம். மிச்சம் இருப்பவர்கள் எழுதுவார்கள், எல்லோரும் தேறுவார்கள். டி.சி. வாங்க வந்த ஒரு அம்மா ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "என் பொண்ண ஒரு தபா எழுத உட்டுப் பாருங்க டீச்சர்" என்று கெஞ்சியது. நான் விடைத்தாள் திருத்துவது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு சதவிகிதத்தைப் பார்த்தால் மேலே இருக்கும் எண்ணைப் பார்க்காதே, கீழே இருக்கும் எண்ணைப் பார், அதிலிருந்து யாரையெல்லாம் முன்கூட்டியே வெளியே அனுப்பினார்கள் என்று கேள். இது உன் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம். எனக்கு அது தெரிந்தே இருந்தது. சொல்லவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு அப்போது ஆறு வயது. நாம் எண்ணூரில், தொழிற்சாலைப் புகைக்கு நடுவில் குடியிருந்தோம். உன் அப்பா அந்தப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், பெயர் வேண்டாம், பம்ப் ஹவுஸில் காண்டிராக்ட் ஆளாக இருந்தார். நிரந்தரம் ஆகும் ஆகும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் திருவொற்றியூரில் அந்தப் பெண்கள் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அந்த வருஷம் பள்ளியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். என் வகுப்புக்கு நான் ஒரு செயல்முறைத் திட்டம் கொடுத்தேன்: ஒவ்வொரு பெண்ணும் தன் தெருவில் பத்து வீட்டுக்குப் போய், போன மாதத்தில் இருமலாலோ மூச்சிரைப்பாலோ வேலைக்கோ பள்ளிக்கோ போகாத நாள் எத்தனை என்று கேட்டு எழுதிவர வேண்டும். ஏன் அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், அந்த மழைக்காலம் முழுக்க நீ இருமிக்கொண்டிருந்தாய். மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வகுப்பில் முப்பது பேர். இருபத்தொன்பது தாள்கள் அடுத்த நாளே வந்தன. பார்த்தவுடனே தெரிந்தது, யாரும் எங்கேயும் போகவில்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரே மை, ஒரே ஓட்டத்தில் எழுதின கை. ஒன்று, இரண்டு, பூஜ்யம், இரண்டு, ஒன்று. உண்மையாகக் கேட்டு வாங்கின எண்கள் இவ்வளவு அடக்கமாக இருக்காது. யாரோ ஒருவர் வீட்டில் இல்லை என்று ஒரு இடம் காலியாக இருக்கும், ஒருவர் 'நினைவில்லை' என்று சொல்லியிருப்பார், ஒரு எண் திருத்தப்பட்டிருக்கும். அந்தப் பெண்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. இரண்டு வருஷமாக எண்களைக் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கு மட்டும் போடச் சொன்னவள் நான். எண்களையும் அவர்களே தயாரித்துக்கொண்டார்கள்.

முப்பதாவது தாள் நான்கு நாள் கழித்து வந்தது. நெட்டுக்குப்பத்துப் பெண் கஸ்தூரி கொண்டுவந்தாள். அவள் அப்பா கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவர். கசங்கி, ஓரத்தில் தண்ணீர் பட்டு, அடித்தல் திருத்தலோடு இருந்த தாள். பத்து வீடு. ஒவ்வொரு வரியிலும் குடும்பத் தலைவர் பெயர், எண்ணிக் கோடு போட்ட குறி, அதற்குப் பக்கத்தில் எண். மற்றவர்கள் தாளில் இருந்தது போல ஒன்றும் இரண்டும் இல்லை. பல வீடுகளில் பாதி மாதம் போயிருந்தது. கடைசி வரியில் அவள் அப்பாவின் பெயர். அதற்கு நேரே முப்பது என்று இருந்தது. அவர் அந்த மாதம் ஒரு நாள்கூடக் கடலுக்குப் போகவில்லை.

அந்தத் தாளைத் தலைமை ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கண்காட்சிக்கு யார் சிறப்பு விருந்தினர்னு உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் லேப் அந்த ஃபேக்டரிக்காரங்கதான் தர்றதா இருக்காங்க. இதைச் சுவத்துல ஒட்டி வெச்சுட்டு அவங்ககிட்ட லேப் கேக்க முடியுமா டீச்சர்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்க வீட்டுக்காரரும் அங்கதானே இருக்காரு" என்றார். மிரட்டல் போலச் சொல்லவில்லை. என் மேல் அக்கறையாகத்தான் சொன்னார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் எண்ணை நீக்கிவிட்டுச் சராசரி காணலாம் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதற்கு அடுத்த வரியில், நீக்குவதற்கு முன் அது ஏன் விலகி நிற்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்றும் இருந்தது. அந்த இரண்டாவது வரியைத் தேர்வில் கேட்பதில்லை. ஆகவே நான் அதை நடத்தியதும் இல்லை.

கஸ்தூரியைக் கூப்பிட்டு, மற்ற இருபத்தொன்பது பேர் கணக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, உன்னுடையது மட்டும் ஒதுங்கி நிற்கிறது, அப்படி ஒதுங்கி நிற்பதை எடுத்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும், நீ வேறு தாள் எழுதிக்கொடு என்றேன்.

"நான் வூடு வூடா போய்க் கேட்டுகினு வந்தேன் மிஸ். அதுங்க வூட்லயே குந்திகினு எழுதுச்சுங்க. அதுங்க கணக்கு கரீட்டு, என் கணக்கு தப்பா?"

"தப்புன்னு சொல்லலம்மா. ஒதுங்கி நிக்குதுன்னு சொல்றேன்."

"ஒதுங்கி நிக்கல மிஸ். நாங்க கீற எடமே அதுதான்."

இத்தனை வருஷத்தில் என் பாடத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு பேசிய மாணவி வேறு ஒருத்தி கிடையாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எதிர்த்துப் பேசாதே என்றேன். அவள் வேறு தாள் எழுதித் தரவில்லை. செயல்முறைத் தேர்வில் அவளுக்கு மதிப்பெண் குறைத்தேன். அவள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் குறைத்ததால்தான் நின்றாள் என்று சொல்ல முடியாது. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தது என்பதாலேயே அதனால்தான் இது நடந்தது என்று முடிவு கட்டக் கூடாது என்று நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நீயும் நடத்துவாய். அது உண்மையான பாடம், முக்கியமான பாடம். ஆனால் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடு. நான் அதற்குள் பல வருஷம் குடியிருந்தேன்.

கண்காட்சியில் எங்கள் சார்ட் பெரிதாக நின்றது. இருபத்தொன்பது பேரின் கற்பனையை வைத்து வரைந்த படம்; நடுவில் அழகாக உயர்ந்து இரண்டு பக்கமும் இறங்கியது. கீழே, 'இப்பகுதி மக்களின் உடல்நலம் நன்றாக உள்ளது' என்று வண்ண மையில் எழுதினோம். வந்தவர்கள் அதைப் போட்டோ எடுத்தார்கள். லேப் வந்தது. ஐந்து மாதம் கழித்து உன் அப்பாவுக்கு நிரந்தர ஆணையும் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இதையும் நான் நிரூபிக்க முடியாது.

இனி நான் சொல்லப்போவதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். கஸ்தூரியிடம் வேறு தாள் கேட்ட அன்று, அவள் தாளை நான் வீட்டுக்கு எடுத்துவந்திருந்தேன். நீ வாசலில் விளையாடிவிட்டு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, என் மடியில் தலையை வைத்துப் படுத்தாய். உன் முதுகில் கையை வைத்தால் உள்ளே விசில் போல ஒரு சத்தம் கேட்டது. மடியில் நீ, பக்கத்தில் அந்தத் தாள். பத்து வரிகளையும் வரிசையாகப் படித்தேன். நெட்டுக்குப்பம் நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? நடக்கிற தூரம்தானே. அப்போதே தீர்மானித்தேன். உன் அப்பா வந்ததும் நடந்ததைச் சொல்லி, பெரம்பூரில் வீடு பார்க்கச் சொன்னேன்.

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணு கணக்கு ஒத்து வர்லன்னு நீதானே தள்ளி வெச்சே?" என்றார்.

"ஆமா."

"அப்ப இன்னாத்துக்கு வூட்ட மாத்தணும்ன்ற?"

"அங்க இஸ்கூலு நல்லா கீதாம்" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உன்னைப் பார்த்தார். "சரி" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. உன் படிப்புக்காகத்தான் பெரம்பூர் வந்தோம் என்று உன்னிடமும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிச் சொல்லி, அதுவே உண்மை போல ஆகிவிட்டது. ஊருக்குப் பொய் என்று நான் சொன்ன கணக்கை, என் பிள்ளைக்கு மட்டும் உண்மை என்று நம்பினேன், கதிர். நான் படித்த படிப்பு எல்லாம் அந்த ஒரு தாளைப் படிப்பதற்குத்தான் உதவியது. அதைப் படித்துப் பயன் அடைந்தது ஒரே ஒரு குடும்பம். ஆறு மாதத்தில் உன் இருமல் நின்றது. நீ ஓடி விளையாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், அதோடு அந்தப் பத்து வரிகளும் கண் முன்னால் வரும். அம்மா ஏன் சில நேரம் எங்கேயோ வெறித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். இதுதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் பள்ளி வாசலில் கஸ்தூரி நின்றாள். புடவை கட்டியிருந்தாள். தொழிற்சாலையைப் பெரிதாக்க மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று நடந்திருக்கிறது. அங்கே போய்விட்டு நேராக வந்திருந்தாள்.

"ஸ்க்ரீன்ல உங்க சார்ட்ட காட்னாங்க மிஸ். இஸ்கூல் புள்ளைங்களே கணக்கெடுத்துகீதுங்க, ஜனங்க எல்லாம் நல்லா கீறாங்கன்னு சொன்னாங்க. எங்கப்பா பதில் சொல்றேன்னு எழுந்து நின்னாரு. பேச்சு வர்ல. இருமிகினே குந்திட்டாரு."

"நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றேன். மணி அடித்தது. உள்ளே போய் அன்றைக்கு நடத்த வேண்டிய திட்ட விலக்கப் பாடத்தை நடத்தினேன். ஒரு கணக்கிலும் தப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து, பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்த அவள் தாளை எடுத்துக் கிழித்துக் குப்பையில் போட்டேன். யாராவது வந்து கேட்டுவிடுவார்களோ என்ற பயம். யாரும் வரவில்லை. அவள் அப்பா அந்த வருஷமே போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

உன் அப்பா மட்டும் தினமும் இரண்டு பஸ் மாறி அங்கேயே போய்வந்தார். நம்மை வெளியே கொண்டுவந்துவிட்டு அவர் உள்ளேயே இருந்தார். அவருடைய கடைசி மாதங்கள் உனக்குத் தெரியும். டாக்டர் ஒரு சதவிகிதம் சொன்னார், நீ அதைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். இத்தனை வருஷம் நிகழ்தகவு நடத்தினவள் ஏதாவது விளக்குவாள் என்று நினைத்திருப்பாய். அந்த எண் நூறு பேரைப் பற்றிய சேதி. கட்டிலில் கிடந்தவர் ஒருவர். அவர் நூற்றில் எந்தப் பக்கம் என்று சொல்ல என் பாடத்துக்குத் தெரியாது. தெரியாது என்று அன்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். "நல்ல நம்பர்தாண்டா" என்று சொல்லிவிட்டேன். நீ அதை நம்பிக்கொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போனாய். கடைசி நேரத்தில் நீ பக்கத்தில் இல்லாமல் போனதற்கு நான் காரணம். இதற்காகவாவது என்னைத் திட்டு.

அவர் போன பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் படிவம் நிரப்பினார். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் 'இதயம் நின்றதால்' என்ற பொருளில் ஏதோ எழுதினார். இதயம் நிற்காமல் யார் சாகிறார்கள்? நுரையீரல் என்று எழுதச் சொல்லி நான் கேட்டிருக்கலாம். கையில் எக்ஸ்ரே இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பேனாவை மூடும்போதுதான் உறைத்தது: நாளைக்கு யாராவது இந்தப் பகுதியில் மூச்சு நோயால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், உன் அப்பா அதில் இருக்க மாட்டார். அப்போதும் திரும்பிப் போய்க் கேட்கவில்லை. பெரிய பெரிய அறிக்கைகளில் வரும் எண்களை உன் மாணவர்கள் கூட்டிக் கழிக்கும்போது, ஒவ்வொன்றும் இப்படி ஒரு மேஜையில், அவசரத்தில், களைத்துப் போன ஒருவர் எழுதி, அழுது முடித்த ஒருவர் கையெழுத்துப் போட்டு வந்தது என்று சொல். நம்பாதே என்று சொல்லச் சொல்லவில்லை. நம்பாமல் இருப்பதும் ஒரு சோம்பேறித்தனம்தான். எப்படி வந்தது என்று போய்ப் பார்க்கச் சொல்.

நீ கோயம்புத்தூர் போன அந்த வாரம் வீடு காலியாக இருந்தது. உன் நோட்டுகளையும் என் நோட்டுகளையும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கிளம்பி நெட்டுக்குப்பம் போனேன். விசாரித்தபோது ஒரு அம்மா வீட்டைக் காட்டியது. கஸ்தூரி மீன் விற்றுவிட்டு வந்து, கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "குந்துங்க மிஸ்" என்று ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது. "உன் கணக்கு சரின்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்மா" என்றேன்.

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கும் தெரியும் மிஸ்" என்றாள். "உங்க சாமானு ஏத்திகினு போன டெம்போ எங்க சித்தப்பாவுதுதான். டீச்சரம்மா புள்ளைக்கு மூச்சு வாங்குதாம், அதான் காலி பண்றாங்கன்னு வந்து சொன்னாரு. அப்பவே தெரிஞ்சுகினேன், என் கணக்கு கரீட்டுன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது. யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உன்னைப் பற்றி விசாரித்தாள். சொன்னேன். "அவரும் அதே பாடமா" என்றாள். பிறகு, அந்தப் பக்கம் இன்னொரு விரிவாக்கம் வரப்போவதாகவும், அதற்கும் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் இருப்பதாகவும் சொன்னாள். "வந்து சொல்றீங்களா மிஸ், அந்தச் சார்ட்டு எப்டி செஞ்சீங்கன்னு?"

வருகிறேன் என்றேன். உன் வேலை புதியது, உன் பெயர் எங்காவது அடிபட்டால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். உன்னைக் கேட்டுவிட்டுப் போகலாமா என்றும் யோசித்தேன். கேட்கவில்லை. உன்னைக் காரணமாக வைத்து ஏற்கனவே ஒரு முறை வாயை மூடியிருக்கிறேன்.

கூட்டம் போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், பக்கத்தில் ஒரு பையன் டைப் அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம். என் முறை வந்தபோது, நான் இன்ன பள்ளியில் புள்ளியியல் ஆசிரியையாக இருந்தவள், முன்பு இதே மாதிரி ஒரு கூட்டத்தில் காட்டப்பட்ட அந்தச் சார்ட் என் வகுப்பில் செய்தது, அதில் இருக்கும் எண்கள் பிள்ளைகள் கற்பனையாக எழுதியவை, அது எனக்குத் தெரியும், உண்மையாகக் கேட்டு எழுதிவந்த ஒரே தாளை நான்தான் நீக்கினேன் என்று சொன்னேன். மூன்று நிமிஷத்துக்குள் சொல்லி முடித்தேன்.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "அந்தத் தாள் இருக்காம்மா?"

"இல்லை. கிழிச்சுட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஆதாரம் இல்லாம நாங்க என்ன பண்றதும்மா? நீங்களே கணக்கு டீச்சர்" என்றார். டைப் அடித்த பையன் ஒரு வரி தட்டிவிட்டு நிறுத்தினான். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார் என்று இருக்கும். எதிர்த்தவர்கள் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. அந்த விரிவாக்கம் வரும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

உன் மாணவர்களை வெளியே அனுப்பு, கதிர். சூத்திரத்தை இரண்டாம் மாதம் நடத்திக்கொள்ளலாம். ஒரு தெருவுக்குப் போய், ஒரு கேள்வியைப் பத்துப் பேரிடம் கேட்டு, பதில் சொல்ல மறுத்தவரையும் எழுதிக்கொண்டு வரச் சொல். வந்து சொல்வதை, உனக்குப் பிடிக்காவிட்டாலும், கேட்டுக்கொள். அதற்கு ஒரு மதிப்பெண் போடு. இதைச் செய்தால் உன் மேலதிகாரிகள் யாராவது ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னிடம் அக்கறையாகப் பேசுவார்கள். அப்போது நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. என் பிள்ளை என்பதால் பயமாகவும் இருக்கிறது. என் மேல் கோபம் வந்தால் வரட்டும், நான் காத்திருக்கிறேன். அப்பாவின் மேல் கோபப்படாதே. அவர் கேள்வி கேட்டார், நான்தான் பதில் சொல்லவில்லை.

மைக்கை விட்டு இறங்கினபோது எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் கஸ்தூரி இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் போய் அங்கே உட்கார்ந்தேன். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

வெளியே வந்தபோது, "பெரம்பூருக்கு பஸ்ஸு கீதா மிஸ் இந்நேரத்துல?" என்றாள்.

"கீதும்மா" என்றேன்.

அம்மா